மழைச்சாமிக்கு வால் உண்டா?

பிளவுப்பாறைக் காட்டில் மஞ்சமூக்கி என்று ஒரு மைனா இருந்தாள். அந்தக் காட்டில் தவளைகளுக்கு ஒரு பேச்சு, குரங்குகளுக்கு ஒரு பேச்சு, மயில்களுக்கு ஒரு பேச்சு. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. மூன்றும் தெரிந்தவள் மஞ்சமூக்கி ஒருத்திதான். யாருக்கு யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் சலிக்காமல் பறந்து வருவாள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என்றால் அவளுக்கு அத்தனை இஷ்டம்.

காட்டின் நடுவே இரண்டாகப் பிளந்த கரும்பாறை ஒன்று நின்றது. அதன் அடியில் ஒரு சுனை. முன்னொரு காலத்தில் பெரிய இடி இறங்கித்தான் அந்தப் பாறை பிளந்ததாம். பிளவிலிருந்து தண்ணீர் பொங்கி வந்ததாம். அப்போது அங்கே ஒதுங்கியிருந்த தவளைகளும் குரங்குகளும் மயில்களும் வெலவெலத்துப்போய், "இங்கே இறங்கியவர் மேல் ஆணை" என்று அன்று அங்கிருந்த ஒரு கிழ மைனாவின் வாய்வழியாகச் சேர்ந்து ஒரு சத்தியம் செய்தார்கள்.

சத்தியம் இதுதான். மயில்கள் சுனைத் தவளைகளைக் கொத்தக் கூடாது. குரங்குகள் பாறையோரப் புதரில் இருக்கும் மயில் முட்டைகளைத் தொடக் கூடாது. தவளைகள் குரங்குகளுக்குக் காவல் இருக்க வேண்டும். சிறுத்தை தண்ணீர் குடிக்க வந்தால் தவளைகள் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதியைக் கேட்டதும் குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கிளைக்கு ஏறிவிடும்.

இறங்கியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

"அது தொண்டையம்மா" என்றன தவளைகள். "உலகத்திலேயே பெரிய தவளை. இடி அவள் குரல். மின்னல் அவள் நாக்கு. குஷி வந்து பாடும்போது எச்சில் தெறிக்கும். அதுதான் மழை."

"அது தாவையா" என்றன குரங்குகள். "வானம் ஒரு பெரிய மரம். அவர் கொம்புக்குக் கொம்பு தாவும்போது கிளை முறிகிற சத்தம்தான் இடி. மின்னல் அவர் வால். அவர் மரத்தைப் பிடித்து உலுக்கினால் உதிர்வது மழை."

"அது தோகையரசர்" என்றன மயில்கள். "கார்மேகம் அவர் விரித்த தோகை. இடி அவர் அகவல். மின்னல் அவர் மனம் கவர்ந்தவள். ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறாள். அவர் தாங்காமல் அழுகிறார். அந்தக் கண்ணீர்தான் மழை."

அடுத்த கூட்டத்தார் என்ன சொல்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. மஞ்சமூக்கிக்கு மூன்று கதையும் தெரியும். அவளும் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது.

ஒரு நாள் தவளைகளின் தலைவி நுணலி, பாறை உச்சியில் ஏற முடியாமல் அவளைக் கூப்பிட்டாள். "மஞ்சமூக்கி, இந்தத் தட்டான்களைக் கொண்டுபோய்த் தொண்டையம்மாவுக்குப் படைத்துவிட்டு வா. எங்களால் அவ்வளவு உயரம் தத்த முடியவில்லை."

மஞ்சமூக்கி கொண்டுபோனாள். உச்சியில் வைத்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். யாரும் வரவில்லை. தட்டான்கள் நல்ல கொழுத்த தட்டான்கள்.

"அம்மா சாப்பிட்டாளா?" என்று கேட்டாள் நுணலி.

"ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை" என்றாள் மஞ்சமூக்கி. அது உண்மைதான்.

பிறகு அவளே குரங்குகளிடம் போய், "பாறை வெயிலில் கொதிக்கிறது. உங்கள் கால் பொசுங்கிவிடும். அத்திப்பழத்தை என்னிடம் கொடுங்கள்" என்றாள். மயில்களிடம் போய், "இவ்வளவு நீளத் தோகையை இழுத்துக்கொண்டு ஏன் ஏறுகிறீர்கள்? தினையை என்னிடம் கொடுங்கள்" என்றாள். காலையில் தினை, உச்சிவேளையில் அத்திப்பழம், சாயங்காலம் தட்டான் என்று அவள் பிழைப்பு சுகமாக ஓடியது. வயிறு உருண்டது. கிளை மாறி உட்காரும்போது மூச்சு வாங்கியது.

அந்த வருஷம் மழை தவறியது.

ஆனி போனது. ஆடி போனது. மேற்கு மலைமேல் ஒரு மேகம்கூட வந்து குந்தவில்லை. புல் கருகியது. பூச்சிகள் எங்கேயோ போய்விட்டன. சுனைத் தண்ணீர் பாதியாக வற்றியது. தவளைகளும் குரங்குகளும் மயில்களும் மஞ்சமூக்கியைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"இத்தனை படைத்தோமே, சாமி ஏன் வரவில்லை?"

படையல் எங்கே போகிறது என்று யாராவது யோசிக்க ஆரம்பித்தால் மஞ்சமூக்கியின் கதி என்ன ஆவது? பழியை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். பொய் சொல்லவும் பயமாக இருந்தது. அவள் உண்மையையே சொன்னாள். பாதி உண்மை.

நுணலியிடம் போனாள். "குரங்குகள் என்ன சொல்கின்றன தெரியுமா, அக்கா? மழைச்சாமிக்கு வால் இருக்கிறதாம்."

சுனை முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தவளைகளில் வால் இருப்பது தலைப்பிரட்டைக் குஞ்சுகளுக்கு மட்டும்தான். வளர்ந்தால் வால் உதிர்ந்துவிடும்.

"நம் தாயைப் பால் மணம் மாறாத குஞ்சு என்கிறார்களா?" என்று ஒரு கிழத்தவளை குமுறியது.

மஞ்சமூக்கி குரங்குகளிடம் போனாள். குரங்குத் தலைவன் உலுக்கன் அத்திமரத்தில் சாய்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, தவளைகள் மழைச்சாமிக்கு வாலே இல்லை என்கின்றன."

"வால் இல்லாமலா?" உலுக்கனுக்கு அது புரியவே வெகுநேரம் ஆனது. "அப்படியானால் கொம்பில் எப்படிப் பிடித்துக்கொள்வார்? விழுந்துவிட மாட்டாரா?"

கடைசியாக மயில்களிடம் போனாள். "கேட்டீர்களா? மழை என்பது எச்சில் என்கிறார்கள் தவளைகள்."

பெண்மயில்கள் காலைத் தூக்கி உதறின. "இத்தனை காலமும் நாம் எச்சிலிலா ஆடினோம்?"

மயில்களின் தலைவர் பீலியார் மட்டும் முகம் சுளிக்கவில்லை. அவர் மூன்று நாளாக ஒரு வெட்டுக்கிளிகூடக் கண்ணால் காணாமல் பட்டினி கிடந்தார். அவர் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். "எச்சில் என்றா சொன்னார்கள்? அப்படியானால் அவர்கள் சாமி வேறு, நம் சாமி வேறு. அப்படித்தானே, மஞ்சமூக்கி?"

"அப்படியும் வைத்துக்கொள்ளலாம், ஐயா" என்றாள் மஞ்சமூக்கி. அவளுக்குப் படையல் பேச்சு வராமல் போனதே போதும் என்று இருந்தது.

மறுநாள் உச்சிவேளையில் பீலியார் பதினைந்து மயில்களோடு சுனைக்கு வந்தார். வழக்கம்போலத் தண்ணீர் குடிப்பார்கள் என்று தவளைகள் நினைத்தன. அவர் தண்ணீர் குடிக்கவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னத் தவளையின் மேல் காலை வைத்து அழுத்தினார். அதற்கு வால் உதிர்ந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"மஞ்சமூக்கி, நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்" என்றார். "சத்தியம் எங்கள் தோகையரசர் மேல் செய்தது. எச்சில் துப்புகிற சாமி எங்கள் சாமி அல்ல. அதனால் அந்தச் சத்தியம் இவர்களுக்குச் செல்லாது. நாங்கள் பாவிகள் அல்ல. முறைப்படி தெரிவித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம்."

மஞ்சமூக்கி வாயைத் திறந்தாள். அந்தச் சின்னத் தவளையின் கண்கள் பிதுங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பீலியார் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவள் கொண்டுபோய்க் கொடுத்த வார்த்தை. அவள் ஒருவழியாகத் தவளைப் பேச்சில் சொல்லி முடித்தாள்.

தவளைகள் தபதபவென்று தண்ணீரில் குதித்தன. சுனையில் முழங்கால் ஆழம்தான் இருந்தது. மயிலின் கழுத்துக்கு அது ஒரு ஆழமே இல்லை. நுணலி மட்டும் குதிக்கவில்லை. அவள் கரையில் இருந்தபடியே மஞ்சமூக்கியைக் கேட்டாள்.

"சத்தியம் செத்துவிட்டது என்கிறாரா? நன்றாகக் கேட்டுச் சொல்."

மஞ்சமூக்கி கேட்டாள்.

"செத்துவிட்டது. நேற்றே செத்துவிட்டது" என்றார் பீலியார்.

"சரி" என்றாள் நுணலி. "பெரியவர் சொன்னால் சரிதான். அந்தச் சத்தியத்தில் மூன்று பேர் இருந்தோம். செத்த செய்தியை மூன்றாவது ஆளுக்கும் சொல்ல வேண்டும் அல்லவா? மேலே அத்திமரத்தில் உலுக்கன் இருக்கிறான். அவனிடம் போய்ச் சொல்."

மஞ்சமூக்கிக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் பார்வை தானாகப் பாறையோரப் புதருக்குப் போனது. அங்கே ஏழு பெண்மயில்களின் முட்டைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது.

அவள் மரத்தின் பக்கம் திரும்புவதைப் பீலியார் பார்த்துவிட்டார். தவளைப் பேச்சு புரியாவிட்டாலும் அவர் முட்டாள் அல்ல.

"எங்கே திரும்புகிறாய்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "குரங்குகளிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு யோசிக்கத் தெரியாது; நிம்மதியாக இருக்கட்டும். மழை வந்ததும் உன்னிடம் தருகிற தினை இரண்டு பங்கு. அது எங்கே போகிறது என்று நான் கேட்க மாட்டேன். இதுவரைக்கும் கேட்டேனா?"

மஞ்சமூக்கிக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்துகொண்டே விட்டு வைத்திருக்கிறார். சொன்னால் குட்டு உடையும். சொல்லாவிட்டால் தினை இரண்டு பங்கு. பீலியாரின் காலடியில் கிடந்த சின்னத் தவளை மெதுவாக, "அக்கா" என்றது. யாரைக் கூப்பிட்டதோ தெரியாது. நுணலியையாகவும் இருக்கலாம்.

மஞ்சமூக்கி ஒரே தாவில் அத்திமரத்துக்குப் பறந்தாள். கனத்த வயிற்றோடு அவள் அவ்வளவு வேகமாகப் பறந்து யாரும் பார்த்ததில்லை.

"உலுக்கண்ணே, சத்தியம் செத்துவிட்டதாம். பீலியாரே சொல்கிறார். மயில் தவளையைக் கொத்தலாம். அதேபோல…" அவள் மீதியைச் சொல்லவில்லை.

உலுக்கன் தலையைச் சொறிந்தான். மெதுவாகத்தான் உறைத்தது. ஆனால் முழுவதும் உறைத்தது.

"அதேபோல நாங்கள் முட்டை எடுக்கலாம்" என்றான்.

ஒரு குரங்கு இறங்கியது. இரண்டு இறங்கின. பிறகு மரமே இறங்கி வருவதுபோல இருந்தது. புதருக்குள் பெண்மயில்கள் அலறிய அலறலில் பாறை அதிர்ந்தது. உலுக்கன் இரண்டு கையிலும் இரண்டு முட்டைகளோடு வெளியே வந்தான். ஒன்றைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தான்.

பீலியார் காலை எடுத்துவிட்டார். சின்னத் தவளை உருண்டு தண்ணீருக்குள் போனது.

"மஞ்சமூக்கி, சொல். சத்தியம் சாகவில்லை என்று சீக்கிரம் சொல்."

"நேற்றே செத்துவிட்டது என்றீர்களே, ஐயா?"

"பிழைத்துக்கொண்டது. சொல்."

மஞ்சமூக்கி சொன்னாள். உலுக்கன் முட்டையைக் கீழே வைக்கவில்லை. "எனக்குப் பசிக்கிறது" என்றான். "செத்தது என்று சொன்னவர் அவர்தானே? நான் கேட்டேனா? இப்போது பிழைத்தது என்றால் எப்படி? என் பிள்ளைகளும் பட்டினிதான்."

இதை நுணலியிடம் சொன்னதும் அவள் அத்திமரத்தை அண்ணாந்து பார்த்தாள். கிளைகளில் தாய்க்குரங்குகள் குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தன.

"உலுக்கனிடம் சொல். சாப்பிடட்டும். சத்தியம் செத்ததென்றால் எங்களுக்கும் ஒரு வேலை மிச்சம். இனிமேல் சிறுத்தை வந்தாலும் நாங்கள் வாயை மூட வேண்டியதில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே இருப்போம்."

உலுக்கன் அதைக் கேட்டான். முட்டையைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு புதருக்குள் போனவன், இரண்டு முட்டைகளையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தான். திரும்பும்போது ஒரு பெண்மயில் அவன் முதுகில் கொத்தியது. அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே நடந்தான்.

மூன்று தலைவர்களும் பாறைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் மஞ்சமூக்கி.

"சத்தியத்தைத் திரும்பச் செய்வோம்" என்றாள் நுணலி. "யார் மேல் என்று பீலியாரைக் கேள்."

பீலியார் தொண்டையைக் கனைத்தார். "இங்கே இறங்கியவர் மேல்."

"அவருக்கு வால் உண்டா இல்லையா?" என்றான் உலுக்கன். "அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுந்திருக்க மாட்டேன்."

"நீ அவரைப் பார்த்தாயா?" என்று நுணலி கேட்டனுப்பினாள்.

"இல்லை."

"நானும் பார்க்கவில்லை. அவர் வருவதற்கு முன்னால் என்ன நடக்கும்? அதைச் சொல்."

"மேற்கு மலை கறுக்கும்" என்றான் உலுக்கன். "காற்று நின்றுவிடும். மண் மணக்கும். வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் வரும்."

மஞ்சமூக்கி அதைத் தவளைப் பேச்சிலும் மயில் பேச்சிலும் சொன்னாள். "நீங்கள் சொல்லுங்கள், ஐயா."

பீலியார் சொன்னார். அவள் தவளைகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "அவரும் அதையேதான் சொல்கிறார், அக்கா" என்றாள். "எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை."

மூவரும் சத்தியத்தைத் திரும்பச் செய்து முடித்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். மஞ்சமூக்கி நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போதுதான் உலுக்கனுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவன் மூளை கொஞ்சம் வேகமாக ஓடும்.

"ஒரே சாமிதான் என்றால், நாங்கள் அத்திப்பழம் வைக்கிறோமே, அவர்கள் என்ன வைக்கிறார்கள்? கேள்."

மஞ்சமூக்கி அந்தக் கேள்வியை விழுங்கிவிடத்தான் பார்த்தாள். மூன்று கூட்டமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"தட்டான்" என்றாள் நுணலி. "காட்டுத் தினை" என்றார் பீலியார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"பழமும் தின்று, பூச்சியும் தின்று, தானியமும் தின்கிற சாமியா?" உலுக்கன் விரல் விட்டு எண்ணினான். "தவளை தினை தின்னாது. நாங்கள்…"

நுணலி மஞ்சமூக்கியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு உலுக்கன் பார்த்தான். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

"நான்தான் தின்றேன்" என்றாள் மஞ்சமூக்கி. அதை மூன்று பேச்சிலும் அவளே சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை சொன்னதைவிட மூன்றாவது தடவை சொன்னது அதிகமாக வலித்தது. "தின்றதை மறைக்கத்தான் ஒருவர் கதையை இன்னொருவரிடம் பாதி பாதியாகச் சொன்னேன்."

உலுக்கன் அவள் வாலிலிருந்து இரண்டு இறகைப் பிடுங்கினான். "வால் எவ்வளவு முக்கியம் என்று தெரியட்டும்" என்றான்.

பீலியார் அவளைக் காட்டைவிட்டே துரத்த வேண்டும் என்றார். நுணலி ஒப்புக்கொள்ளவில்லை.

"நீ போய்விட்டால் நாங்கள் யாரிடம் எப்படிப் பேசுவது? கடைசியில் உண்மையைச் சொன்னதும் நீதானே. இங்கேயே இரு. ஆனால் ஒன்று. இனி யாருடைய கதையைச் சொன்னாலும் முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது."

அன்று சாயங்காலமே மஞ்சமூக்கி மூன்று கதைகளையும் முழுதாகச் சொன்னாள். மின்னல் ஓடிவிடுகிற இடத்தில் தவளைகள் உச்சுக்கொட்டின. எச்சில் தெறிக்கிற இடத்தில் குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. வானத்து மரத்தின் கதையைக் கேட்ட பெண்மயில்கள், "அந்த மரத்தில் யார் கூடு கட்டுகிறார்கள்?" என்று கேட்டன. யோசித்துச் சொல்வதாகக் குரங்குகள் சொல்லியனுப்பின. யாரும் தங்கள் கதையை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்தவர் கதை கொஞ்சம் கிறுக்குத்தனமானது என்றுதான் மூன்று கூட்டமும் நினைத்தது.

பதினோராம் நாள் மேற்கு மலை கறுத்தது. இடி இடித்தது. பெரிய பெரிய துளிகளாக மழை விழுந்தது. தவளைகள் தொண்டை வெடிக்கக் கத்தின. குரங்குகள் கிளைகளை உலுக்கின. மயில்கள் தோகை விரித்து ஆடின.

ஆடிக்கொண்டிருந்த பீலியாரின் காலுக்கு நேரே ஒரு தவளைக்குஞ்சு தத்தி வந்து உட்கார்ந்தது. அவர் குனிந்தார். அலகு பாதி திறந்தது. சுனையே அவரைப் பார்த்தது. அவர் அலகை மூடிக்கொண்டு, காலைத் தூக்கி, அதைத் தாண்டி அடுத்த அடியை வைத்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று மேலிருந்து கேட்டான் உலுக்கன்.

"பசிக்கிறதாம்" என்றாள் மஞ்சமூக்கி.

"எங்களுக்கும்தான் என்று சொல்" என்றான் உலுக்கன்.

சாமிக்கு அவரவர் மனம்போல உருவம் கொடுக்கலாம். சாமி பேரால் கொடுத்த வாக்கை அவரவர் வசதிபோல மாற்றக் கூடாது.